ஐந்து செல்விகளும் நாற்பத்திரண்டு சேலைகளும்

1

அவுஸ்திரேலியாவுக்கு வந்து பதினொரு வருஷம் முடிந்த அன்று ஒஃபிஸில் என் மேசையில் ஒரு கேக் இருந்தது. எங்கள் மேலாளர் கிரெக் வைத்தது. மேலே என் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார். மகேஸ்வரி என்பது கேக்குக்குள் அடங்காமல் பாதியில் நின்றுவிட்டது. "பரவாயில்லை கிரெக், மிச்சத்தை நானே சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்றேன். மனுஷனுக்கு விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தார்.

ஊரிலிருந்து யார் பேசினாலும் கேட்கும் முதல் கேள்வி, "அங்க என்னா வேலைங்க?" என்பதுதான். கம்பியூட்டர் வேலை என்று சொல்லித் தப்பித்துவந்தேன். இன்றைக்கு ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு ஒன்லைன் துணிக்கடையின் முகப்பை அடுக்குகிறவள். கடைக்காரர் வாசலில் எந்தச் சேலையைத் தொங்கவிடுவது என்று யோசிப்பார் அல்லவா, அதே வேலைதான். ஒரே வித்தியாசம், எங்கள் கடைக்கு ஆளுக்கொரு வாசல். நீங்கள் திறந்தால் ஒரு கடை, உங்கள் பக்கத்து வீட்டுக்காரி திறந்தால் வேறொரு கடை. யாருக்கு எதை முன்னால் காட்டுவது, எதை ஒளித்து வைப்பது, யாரிடம் எப்படிப் பேசுவது, எல்லாம் என் பொறுப்பு.

நாங்கள் நாலு நாடுகளில் விற்கிறோம். இலங்கை என் கையில். வாங்க வருகிறவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறேன். கொழும்பில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு முகப்பு. யாழ்ப்பாணத்துக் கல்யாண வீடுகளுக்கு ஒன்று. கண்டியில் பள்ளிக்கூட டீச்சர்மார், மட்டக்களப்பில் பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்கும் தாய்மார் என்று போகும். கொழும்புக்காரிக்கு, "இன்னும் மூன்றே மூன்று உள்ளன" என்று சிவப்பில் காட்டினால் உடனே வாங்கிவிடுவாள். தன்னிடம் இருப்பது வேறு யாரிடமும் இருக்கக்கூடாது அவளுக்கு. கல்யாண வீட்டுக்காரருக்கு அந்த மூன்றைக் காட்டினால் ஓடிவிடுவார்கள். அவர்களுக்கு நிதானமாகப் பார்க்க வேண்டும், நாலு பேரிடம் காட்ட வேண்டும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. தற்பெருமை என்று நினைத்தாலும் சரி, இந்த வேலையில் என்னை அடிக்க ஆள் இல்லை.

அப்படித்தான் அன்று மத்தியானம் வரைக்கும் நினைத்திருந்தேன்.

2

கேக்கை வெட்டி முடிக்கவில்லை, விஜி கூப்பிட்டாள். பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மேல் டிவிசன் என்கிற பகுதியில், எங்கள் லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராப் பிள்ளை. இருபத்தாறு வயது. புள்ளக்காம்பராவில் வேலை செய்கிறாள். கொழுந்து பறிக்கப் போகிற அம்மாமார் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. இங்கே எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் என்றால் அங்கே காலையில் பேர் கொடுக்கும் பெரட்டு முடிந்து எல்லாரும் மலைக்கு ஏறியிருப்பார்கள். பின்னால் நாலைந்து பிள்ளைகள் ஒரே சுருதியில் அழுதுகொண்டிருந்தன.

"அக்கா, ஒங்க கடையில எங்கள கள்ளின்னு சொல்லிப்புட்டாங்கக்கா."

"யாரு சொன்னது? என்னா நடந்துச்சு, அழுகாம சொல்லு."

"நான் எங்க அழுகுறேன்? அது புள்ளைங்க. எனக்கு ஆத்திரமா வருது."

விஷயம் இதுதான். எங்கள் மாரியம்மன் திருவிழாவுக்கு டிவிசன் பெண்கள் எல்லாரும் ஒரே சேலை கட்டிப் பால்குடம் எடுப்பது வழக்கம். வருஷா வருஷம் நாலு பேர் டவுனுக்குப் போய்க் கடைக்காரரோடு மல்லுக்கட்டி வாங்கி வருவார்கள். இந்த முறை விஜி, "மகேஸ் அக்கா வேல பாக்குற கடையில எடுப்போம், சாமான் கைக்கு வந்த பொறகு காசு குடுத்தாப் போதும்" என்று எல்லாரையும் சம்மதிக்க வைத்திருக்கிறாள். முதல் தடவை வாங்குகிறவர்களுக்குச் சலுகை என்பதால் ஒவ்வொருத்தி பேரிலும் தனித்தனியாக ஓடர். போன் இல்லாதவர்களுக்கு மகள் போனில், மருமகள் போனில். மஞ்சள் சேலை, நாற்பத்திரண்டு.

மறுநாள் நாற்பத்திரண்டு பேருக்கும் ஒரே செய்தி வந்திருக்கிறது. விஜி வாசித்துக் காட்டினாள். "ஒரே நபர் பல பெயர்களில் சலுகை பெற முயன்றிருப்பதால் உங்கள் ஓடர் ரத்துச் செய்யப்பட்டது."

"இத வாசிச்சுப்புட்டு என்னைய என்னா கேக்குறாங்க தெரியுமா? நீ எங்க பேர வச்சு என்னா பண்ணுனன்னு கேக்குறாங்க. நாப்பத்திரெண்டு பேரும் என் வழியாத்தானே வந்தாங்க? நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு காலையில அவங்க புள்ளைங்கள வாங்குறது? திருவிழாவுக்குப் பன்னெண்டு நாளுதான் இருக்கு. ப்ளவுஸ் வேற தைக்கணும்."

"நான் பாத்துக்கிறேன் விஜி. நீ கவலப்படாத."

"எவன் எழுதுனானோ இந்த மெசேஜ, அவன் நல்லா இருக்க மாட்டான்க்கா."

அந்த வாக்கியத்தை எழுதியது நான்.

3

வாக்கியத்தை மட்டுமா? அந்த விதியையே நான்தான் எழுதினேன்.

கொழும்பில் ஒரு மகராசன் ஒரே மாடி வீட்டிலிருந்து இருபது பேர்களில் ஓடர் போட்டு, சலுகையில் வாங்கி, வெளியில் விற்றுக்கொண்டிருந்தான். அவனைப் பிடிப்பதற்காகப் போட்ட விதி. ஒரே விலாசம், ஒரே சாமான், முதல் தடவைச் சலுகை. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள், ரத்துச் செய். ஒஃபிஸ் கூட்டத்தில் வாசித்தபோது எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

ஒரே விலாசம் என்றால் ஒரே வீடு. இங்கே மெல்பேர்னில் சரி, கொழும்பிலும் சரி. எங்கள் டிவிசனில் நூற்றுச் சொச்சம் குடும்பங்களுக்கும் ஒரே விலாசம்தானே! மேல் டிவிசன், தோட்டத்தின் பேர், பூண்டுலோயா. முடிந்தது. வீதி கிடையாது, கதவு இலக்கம் கிடையாது. கடிதம் வந்தால் தோட்டத்து ஒஃபிஸில் கிடக்கும், யாராவது மேலே வருகிறவர் கொண்டுவந்து தருவார்.

இது தெரியாத ஆளா நான்? இங்கே வருவதற்கு விசா படிவம் நிரப்பியபோது, "கடந்த பத்து வருடங்களில் வசித்த விலாசங்கள்" என்று கேட்டார்கள். எழுதினேன். வீட்டு இலக்கம் இல்லை, முழுமையில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி அனுப்பினேன். மறுபடியும் வந்தது. கடைசியில் வெறுத்துப்போய் 7/3 என்று நானே ஒரு இலக்கம் போட்டேன். ஏழாம் லயம், மூன்றாம் காம்பரா. மறு பேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்கள்! அதற்குப் பிறகு வங்கி, லைசன்ஸ், குடியுரிமை எல்லாவற்றிலும் அதே இலக்கம்தான். போடப் போட, எங்கள் வீட்டுக்கு உண்மையிலேயே ஒரு இலக்கம் இருந்ததாக நானே நம்பத் தொடங்கிவிட்டேன் போலிருக்கிறது. இல்லாவிட்டால் அந்த விதியை எழுதும்போது ஒரு நிமிஷமாவது கை நின்றிருக்க வேண்டாமா?

வெட்கமாக இருந்தது. கேக்கை அப்படியே மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

4

எங்கள் கடையின் உள்வேலைகளை எழுதுகிற பையன் நிரோஷன். அப்பா அம்மா யாழ்ப்பாணம், இவன் ஆறு வயதில் இங்கே வந்தவன். ஒஃபிஸில் நாங்கள் இரண்டு பேரும்தான் தமிழ். அவனோடு பேசிப் பேசி என் வாயிலும் "ஆமா"வுக்குப் பதில் "ஓம்" வந்துவிட்டது. ஒருமுறை ஹட்டனில் இருக்கும் தம்பியிடம் போனில் "ஓம்" என்றேன். "யாருங்க பேசுறது?" என்று கேட்டான், படுபாவி.

நிரோஷன் அந்த நாற்பத்திரண்டு ஓடரையும் திரையில் வரிசையாகப் போட்டான்.

"அக்கா, இது கள்ள ஓடர்தான். பாருங்கோ, விலாசம் ஒண்டு. சேலை ஒண்டு. செல்வி எண்டே அஞ்சு பேர்."

"அஞ்சு செல்வியும் நெசந்தான் தம்பி. எனக்கு மூணு பேரத் தெரியும். ஒருத்தி எங்கூட ஒண்ணாப் படிச்சவ."

"அப்ப தபால்காரன் எப்பிடிக் கண்டுபிடிப்பான், எந்தச் செல்வி எண்டு?"

"டெய்லர் வீட்டுச் செல்வி, மொத லயத்துச் செல்வி, ராமர் மக செல்வி. தோட்டத்துல யாருக்கும் கஷ்டமே இல்ல. ஒங்க படிவத்துக்குத்தான் கஷ்டம்."

அவன் தலையைச் சொறிந்தான். "உந்த விதி ஆர் எழுதினது எண்டு தெரியுமோ?"

"தெரியும்" என்றேன். "எடு அதை."

பத்து நிமிஷத்தில் தடையை நீக்கினான். ஓடர் போடும் இடத்தில் "உங்களை எப்படி அழைப்பார்கள்?" என்று ஒரு கட்டமும் சேர்த்தான். அப்பாடா என்று மூச்சு விட்டால், அடுத்த வில்லங்கம் காத்திருந்தது. ரத்தான மஞ்சள் சேலைகள் கடைக்குத் திரும்பியிருந்தன. திரும்பிய உடனே, நான் ஏற்பாடு செய்து வைத்தபடி, கொழும்புப் பெண்களுக்குச் "சில மட்டுமே உள்ளன" என்று சிவப்பில் காட்டியிருக்கிறது. பறந்துவிட்டன. மிச்சம் இருபத்தேழு.

நான் அடுக்கிய கடை ரொம்ப நன்றாக வேலை செய்தது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

விஜியைக் கூப்பிட்டேன். "இருபத்தேழு மஞ்ச இருக்கு. மத்தவங்களுக்கு அதே கரை வச்ச வேற கலர்..."

"அக்கா." அவள் குரல் கட்டையாகிவிட்டது. "யாரு இருபத்தேழு, யாரு பதினஞ்சு? அத நான் போயி பிரிக்கவா?"

அவள் சொன்னதும்தான் நான் எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்று உறைத்தது. ஒரே சேலை என்பது அழகுக்காக இல்லை. மற்ற நாளெல்லாம் சேலையைப் பார்த்தாலே தெரியும், யார் புருஷன் கொழும்பில் சம்பாதிக்கிறான், யார் வீட்டில் குடிக்கிறவன் இருக்கிறான், யார் மகள் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள் என்று. அந்த ஒரு நாள் தெரியாது. வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை வீட்டம்மாவும் கொழுந்து பறிக்கும் எங்கம்மாவும் ஒரே மஞ்சளில் முன்னும் பின்னுமாக நடந்து போவதை நான் வாய்க்காலோரம் நின்று பார்த்திருக்கிறேன். எங்கம்மா அன்றைக்குத் தலையை நிமிர்த்தி நடப்பார். சாதாரண நாளில் அப்படி நடக்க மாட்டார்.

"பிரிக்க வேணாம்" என்றேன். "செவப்புல அதே சேலை அறுபது இருக்கு. நாப்பத்திரெண்டும் செவப்பாத் தந்தா ஒத்துக்குவாங்களா?"

"கேட்டுப் பாக்குறேன். ஏற்கெனவே டவுன்ல எடுத்திருந்தா இந்நேரம் ப்ளவுஸே தச்சு முடிஞ்சிருக்கும்னு குத்திக் குத்திப் பேசுறாங்க." கொஞ்சம் நிறுத்தி, "செவப்பும் அம்மனுக்கு ஆகுந்தானே" என்றாள். எனக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா தெரியாது.

சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வைத்துக் கேட்டிருக்கிறாள். அரை மணி நேரம் ஏச்சு வாங்கியிருக்கிறாள். கடைசியில் சரி என்றார்களாம். ஆனால் ஒரு நிபந்தனை: ஒரு சேலை குறைந்தாலும் ஒருத்தியும் வாங்க மாட்டாள்.

5

சிவப்பு அறுபதும் கொழும்புப் புத்தாண்டு முகப்புக்காக ஒதுக்கி வைத்தவை. ஒதுக்கியதும் நான்தான். விடுவிக்கக் கிரெக்கின் அனுமதி வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்து என் மகள் கயலிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் அதற்குப் பேர் உரையாடல். காதிலிருந்து ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றிவிட்டுக் கேட்டாள். "நாற்பத்திரண்டு பேரும் ஒரே உடுப்பா? எனக்கென்றால் செத்துவிடலாம் போல இருக்கும்."

ஆத்திரம் வந்தது. பிறகு, இவளைக் குறை சொல்லி என்ன செய்ய என்று தோன்றியது. இவளுக்கு "உனக்காகவே" என்று சொல்லி விற்கிற உலகம்தான் தெரியும். அந்த உலகத்தில் ஒரு துண்டை நானும்தான் அடுக்கிக்கொடுக்கிறேன். "உன் பள்ளிக்கூட நெட்போல் அணிக்கு என்னா போடுறீங்க?" என்று கேட்டேன். மற்றப் பக்கத்தையும் கழற்றினாள். அது ஒரு வெற்றிதான், போங்கள்.

மறுநாள் கிரெக்கிடம் போனேன். சுற்றி வளைக்கவில்லை.

"அந்த விதி தவறு. எழுதியது நான். நாற்பத்திரண்டு நேர்மையான பெண்களைத் திருடிகள் என்று சொல்லியிருக்கிறோம். சிவப்புச் சேலைகள் எனக்கு வேண்டும்."

"கொழும்பு முகப்பு என்ன ஆவது?"

"கொழும்புக்காரி வாங்கி, கண்ணாடியில் பார்த்து, பாதி நேரம் திருப்பி அனுப்புவாள். இவர்கள் ஒன்றையும் திருப்ப மாட்டார்கள். அந்த மலையில் டிவிசனுக்கு ஒரு கோயில் இருக்கிறது கிரெக். கோயிலுக்கு ஒரு திருவிழா. திருவிழாவுக்கு ஒரு நிறம். நாம் இத்தனை நாளாக அவர்களைக் கண்டிக் கூட்டத்தோடு சேர்த்து, மூன்றே மூன்று உள்ளன என்று பயங்காட்டி விரட்டிக்கொண்டிருக்கிறோம். அவர்களுக்கு அறுபது இருக்கிறது என்று காட்ட வேண்டும். அதுதான் அவர்களை நிற்க வைக்கும்."

கிரெக் பேனையை எடுத்தார். "இந்தக் கூட்டத்துக்கு என்ன பேர் வைப்பாய்?"

"சேர்ந்து வாங்குகிறவர்கள்."

"சரி. ஆனால் தவறு எப்படி நடந்தது, யாரால் நடந்தது என்று எழுதித் தர வேண்டும்."

எழுதித் தந்தேன். இரண்டு பந்தி. என் பேரை முழுசாக எழுதினேன்.

6

சேலை மூட்டை கொழும்பிலிருந்து பூண்டுலோயா டவுன் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. மேலே போக வழி தெரியாது என்று வேன்காரர் சொல்ல, விஜி தோட்டத்து ஆட்டோவை அனுப்பி எடுத்திருக்கிறாள். ஒவ்வொன்றிலும் பேர் ஒட்டியிருந்தது; மொத லயத்துச் செல்விக்கும் டெய்லர் வீட்டுச் செல்விக்கும் மாறவில்லை. எண்ணிப் பார்த்து நாற்பத்திரண்டு என்று அவள் செய்தி அனுப்பியபோது நான் டிராமில் இருந்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரம்மா என்னைத் திரும்பிப் பார்க்கும்படி ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன்.

திருவிழா அன்று பகல் விஜி வீடியோவில் வந்தாள். கோயில் முற்றம் முழுக்கச் சிவப்பு. பால்குடம் இறக்கி முடிந்திருந்தது. எல்லாருடைய நெற்றியிலும் மஞ்சள், எல்லாருடைய தலையிலும் ஈரம். யார் கணக்கப்பிள்ளை வீடு, யார் கொழுந்து எடுக்கிறவள் என்று எனக்குக்கூடப் பிரிக்கத் தெரியவில்லை. விஜி முகத்தில் அப்படி ஒரு களை. இடுப்பில் ஒரு பிள்ளை, அதன் அம்மா பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, போன வச்சுறாதீங்க. மைக்குல சொல்லப்போறேன். எங்க மகேஸ் அக்கா வெள்ளக்காரங்ககிட்ட சண்ட போட்டு வாங்கிக் குடுத்தாங்கன்னு."

அவளுக்குத் தெரியாது. பன்னிரண்டு நாளாக நான் சொல்லவில்லை. சொல்லாமலேயே இருந்திருக்கலாம். நாற்பத்திரண்டு பேர் முன்னால் புகழ்ச்சி; யாருக்குத்தான் கசக்கும்?

"விஜி, நில்லு. அந்த மெசேஜ எழுதுனது நான்தான். ரத்துப் பண்ணச் சொல்லி விதி போட்டதும் நான்தான்."

அவள் முகம் அப்படியே நின்றது. நெட் போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன்.

"நீங்களா?"

"ஆமா."

"நான் எத்தன பேருகிட்ட ஏச்சு வாங்குனேன் தெரியுமாக்கா?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அத என்கிட்ட சொல்லாதீங்க. அவங்ககிட்ட சொல்லுங்க" என்று போனைக் கொண்டுபோய் மைக்கில் வைத்துவிட்டாள்.

ஒஃபிஸில் இருநூறு பேர் முன்னால் நின்று பேசுகிறவள் நான். இங்கே முதல் சொல்லுக்கே தடுமாறினேன். "நான் ஏழாம் லயத்து மகேஸ் பேசுறேன்" என்றேன். மலையில் இருக்கிற குழாய் ஸ்பீக்கர்கள் எல்லாம் அதைச் சொல்வது எனக்கே திரும்பக் கேட்டது. "ஒங்கள ஒரே ஆளுன்னு நெனச்சு ஓடர நிப்பாட்டுனது நான் போட்ட விதி. விஜி மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னோடது. மன்னிச்சுக்குங்க."

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். யாரோ மைக்கைப் பிடுங்குகிற சத்தம்.

"ஏண்டி மகேசு." என்னோடு ஒன்றாகப் படித்த செல்வி. "அஞ்சு செல்வி இருந்தா கள்ளியாடி?"

"இல்லடி."

"சத்தமாச் சொல்லு."

"இல்லடி!"

முற்றம் முழுக்கச் சிரிப்பு. செல்வி சிரிக்கவில்லை; எனக்குத் தெரியும், அவள் அப்படித்தான். "அம்மன் முன்னுக்குச் சொல்லிட்ட, சரி. கீழ் டிவிசன்காரிக இங்கதான் வரிசையா நிக்கிறாளுக, சேலையத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டு. அவளுக திருவிழா அடுத்த மாசம். அம்பத்தாறு வேணுமாம். பச்ச. அனுப்புவியா, இல்ல அவளுகளையும் ஒரே ஆளுன்னு சொல்லுவியா?"

என் முன்னால் கணினி திறந்தே இருந்தது. பச்சையில் எண்பது. ஒரு நொடிகூட யோசிக்காமல் எண்பதையும் கீழ் டிவிசன் பேரில் ஒதுக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"பேர ஒவ்வொண்ணாச் சொல்லு செல்வி. எழுதிக்கிறேன்."